ஓர் எம்.எல்.ஏ.வின் ஜாதகம் எங்கே கிடைக்கும்? மைநேதா, ஆணையத் தளம், லோக் தாபா, பேரவை மின்னூலகம்: ஒரு பயன்பாட்டு விமர்சனம்

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் எதை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஜெயித்தவர் முதலில் எப்போது நின்றார், எந்தக் கட்சியிலிருந்து எங்கே வந்தார், சொத்து எவ்வளவு, வழக்கு என்ன, அவையில் என்ன பேசினார் என்று தேடிப் பார்க்க இன்று நான்கு இலவசச் சேவைகள் இருக்கின்றன. தொடங்குவதற்கு மைநேதா. ஆதாரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம். தேர்தல் வரலாற்றுக்கு லோக் தாபா. அவைப் பேச்சுக்குப் பேரவைச் செயலகத்தின் மின்னூலகம். நான்கில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு எழுதுவதால்தான் தேர்தல் காலத்துச் சொத்துக் கணக்குச் செய்திகளில் பல தவறாகப் போகின்றன. எது எந்த வேலைக்கு உதவும், எது எங்கே காலை வாரும் என்பதைப் பார்ப்போம்.

மைநேதாவை நடத்துவது ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், அதாவது ஏ.டி.ஆர். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் 1999இல் தொடங்கிய அமைப்பு. வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கல்வி விவரங்களை வாக்காளர் அறியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2இல் தீர்ப்பளித்ததும் இந்தச் சங்கத்தின் வழக்கில்தான். தமிழ்நாட்டுக்கு 2006 தேர்தலிலிருந்து விவரம் உண்டு. தொகுதியைத் தேர்ந்தெடுத்துப் பெயரைத் தொட்டால் வழக்குகள் சட்டப்பிரிவோடும், சொத்து தலைப்பு வாரியாகவும், கடன் தனியாகவும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். அதே நபர் மற்ற தேர்தல்களில் காட்டிய மொத்தச் சொத்தும் வழக்கு எண்ணிக்கையும் ஒரு சிறு அட்டவணையாக இருக்கும். இந்தத் தளத்தின் உயிர்நாடி அந்த அட்டவணைதான். வேட்பாளர்கள் மனுவோடு தந்த, கையெழுத்தும் முத்திரையுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களை ஆள் வைத்துப் படித்து எண்ணாக மாற்றியிருக்கிறார்கள். இந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆபத்தும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. ‘2016இல் இவ்வளவு, 2021இல் இவ்வளவு, இத்தனை சதவீதம் உயர்வு’ என்று ஒரே வரியில் எடுத்து எழுதத் தூண்டும். அந்த உயர்வு எங்கிருந்து வந்தது என்பது மூலப் பத்திரத்தைத் திறந்தால் மட்டுமே தெரியும். மைநேதாவும் தன் எண்களுக்கு மூலம் வேட்பாளரின் பத்திரமே என்கிறது. அதை ஒரு பொருளடக்கம்போலப் பயன்படுத்துங்கள். எண்ணை மேற்கோள் காட்டுமுன் மூலத்தைப் பாருங்கள்.

படிவம் 26ஐப் படிக்கும் முறை

ஆணையத்தின் தளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி என்று வடிகட்டினால் மனு தாக்கல் செய்தவர், ஏற்கப்பட்டவர், நிராகரிக்கப்பட்டவர், வாபஸ் பெற்றவர், களத்தில் நிற்பவர் எனப் பிரித்துக் காட்டும். பெயரைத் தொட்டால் வேட்புமனு விவரமும் ஸ்கேன் செய்த பிரமாணப் பத்திரமும் (இதன் படிவம்தான் படிவம் 26) கிடைக்கும். முதல் சிக்கல் இங்கேயே வந்துவிடும். ஒருவர் ஒரே தொகுதிக்கு நான்கு வேட்புமனு வரை தரலாம். குறை சொல்லப்பட்டால் திருத்திய பத்திரமும் தருவார். அதனால் ஒரே பெயர் மூன்று நான்கு முறை வரும். தேதியைப் பார்த்துக் கடைசியாகத் தந்ததை எடுக்க வேண்டும். முதலில் கண்ணில் பட்டதை எடுத்தால் திருத்தத்துக்கு முந்தைய கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

ஸ்கேன் தரம் தொகுதிக்குத் தொகுதி மாறும். நோட்டரி முத்திரை எண்களின் மேல் விழுந்திருக்கும், பக்கம் படுத்திருக்கும், கடைசி இலக்கம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அப்போது ஆ பகுதிக்குப் போங்கள். படிவம் 26க்கு அ, ஆ என இரண்டு பகுதிகள். அ விரிவானது, ஆ அதன் சுருக்கம். இரண்டிலும் ஒரே மொத்தம் இருக்க வேண்டும். பல பத்திரங்களில் இருக்காது. அ பகுதியில் ஒவ்வொரு வரியையும் நீங்களே கூட்டிப் பார்த்து, ஆ பகுதியோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் பத்து மடங்கு என்றால் பெரும்பாலும் காற்புள்ளி இடம் மாறியிருக்கும்: 1,25,000 என்பது 12,50,000 ஆகிவிடும். வேறு மாதிரியான வித்தியாசம் என்றால் மனைவி அல்லது கணவர் பத்தியை ஓரிடத்தில் சேர்த்து, இன்னோரிடத்தில் விட்டிருப்பார்கள்.

பத்திகள் வேட்பாளர், துணைவர், இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று போகும். சார்ந்திருப்போர் என்றால் சொந்த வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி வாழ்பவர்கள் என்று படிவமே சொல்கிறது. சம்பாதிக்கும் மகன், திருமணமாகித் தனியே இருக்கும் மகள், தொழில் நடத்தும் தம்பி யாரும் இதில் வரமாட்டார்கள். ‘குடும்பச் சொத்து’ என்ற தலைப்போடு இந்த மொத்தத்தைப் போடுவது தவறு. படிவம் கேட்பது அது அல்ல.

நிலம் பற்றிய பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். சர்வே எண், பரப்பு, பூர்வீகமா சுயார்ஜிதமா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு எல்லாம் இருக்கும். பரப்பை ஒருவர் ஏக்கர் சென்ட்டில் எழுதுவார், இன்னொருவர் பட்டாவில் உள்ளபடி ஹெக்டேர் ஏர்ஸில் எழுதுவார். பட்டாவில் 1.21.50 என்று இருந்தால் 1 ஹெக்டேர் 21.5 ஏர்ஸ், ஏறக்குறைய 3 ஏக்கர். அதை 1.21 ஏக்கர் என்று படித்தால் நிலத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். சென்னைப் பக்கத்து மனைகள் கிரவுண்டில் வரும். 1 கிரவுண்டு 2,400 சதுர அடி, 1 சென்ட் 435.6 சதுர அடி, ஆக 1 கிரவுண்டு சுமார் ஐந்தரை சென்ட்.

‘இன்றைய மதிப்பு’ என்ற இடத்தில் சந்தை விலையைத்தான் படிவம் கேட்கிறது. பலர் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. எனவே 2016 பத்திரத்தில் 30 லட்சமாக இருந்த மனை, விற்காமல் கொள்ளாமல் அப்படியே கிடந்தும், 2021 பத்திரத்தில் 20 லட்சமாகத் தெரியலாம். தங்கம் நேர் எதிர். 2016 ஏப்ரலுக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் பவுன் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. எடை மாறாத 40 பவுன் நகையே மதிப்பில் பல லட்சம் ஏறியிருக்கும். அதனால் இரண்டு தேர்தல்களை ஒப்பிடும்போது ரூபாயை முதலில் பார்க்காதீர்கள். சர்வே எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, புதிதாகச் சேர்ந்தது எது, காணாமல் போனது எது என்று பாருங்கள். நகையை எடையிலும், வண்டியைப் பதிவு எண்ணிலும் ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் தமிழ்நாடு அரசின் நில ஆவணச் சேவையில் சர்வே எண்ணைப் போட்டுப் பட்டாவையும், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தையும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

வழக்குப் பகுதியில் இன்னும் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. படிவமே நடுவில் மாறியது. முன்பு இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெறக்கூடிய குற்றச்சாட்டு வனையப்பட்ட வழக்கு, நீதிமன்றம் கவனத்தில் எடுத்த வழக்கு என்று பிரித்துக் கேட்டார்கள். 2018 அக்டோபர் திருத்தத்துக்குப் பிறகு நிலுவையில் உள்ள வழக்குகளை எஃப்.ஐ.ஆர். எண்ணோடு எழுத வேண்டும். 2016இல் இரண்டு வழக்கு, 2021இல் பதினொன்று என்றால் ஐந்தாண்டில் ஒன்பது புதிய குற்றம் என்று பொருளாகிவிடாது. ஒவ்வொன்றின் எஃப்.ஐ.ஆர். ஆண்டையும் பாருங்கள். மைநேதாவின் ‘கிரைம் ஓ மீட்டர்’ எண்ணிக்கையைத்தான் காட்டும், ஆண்டைக் காட்டாது. பிரிவையும் பாருங்கள். தடையை மீறி ஆர்ப்பாட்டம், சாலை மறியல் என்று போகிற வழக்குகள் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 பிரிவுகளில் வரும். எதிர்க்கட்சியில் பத்தாண்டு இருந்தவருக்கு இவை குவிந்திருப்பது இயல்பு. மோசடி, கொலை முயற்சி, சொத்துக் குவிப்பு வேறு ரகம். 2024 ஜூலை 1க்குப் பின் பதிவான வழக்கு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் புதிய எண்கள் இருக்கும்: 188க்குப் பதில் 223 என்பதுபோல. வழக்கு எண்ணும் நீதிமன்றப் பெயரும் பத்திரத்திலேயே இருப்பதால் இ-கோர்ட்ஸ் சேவையில் தேடினால் அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். மனு தாக்கல் செய்த நாளோடு பத்திரம் நின்றுவிடுகிறது. வழக்கு அதற்குப் பிறகும் நகரும்.

வருமானப் பகுதியும் இப்படித்தான். 2019 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு கேட்கப்படுகிறது, வெளிநாட்டுச் சொத்தும் கேட்கப்படுகிறது. அதற்கு முன் கடைசியாகத் தாக்கல் செய்த ஒரே ஆண்டு மட்டும்தான். கட்டத்தை வெற்றாக விடக்கூடாது, ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும் என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 பத்திரங்களில் காணும் வெற்றுக் கட்டங்களை ‘மறைத்தார்’ என்று படிக்குமுன் இதை நினைவில் வையுங்கள். விவரம் விடுபட்டது தெரிந்தாலும் உடனே ‘பதவி பறிபோகும்’ என்று எழுத வேண்டாம். பொய் விவரம் தந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆனால் வாக்காளரின் முடிவைப் பாதிக்காத சிறு அசையும் பொருள்களையெல்லாம் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தேர்தல் வரலாறு: ஜெயலலிதாவை வைத்து ஒரு சோதனை

எந்தத் தரவுத்தளத்தையும் உரசிப் பார்க்க ஜெ. ஜெயலலிதாவின் தேர்தல் வாழ்க்கையைப்போல ஒரு உரைகல் கிடையாது. 1989இல் போடிநாயக்கனூர். 1991இல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வெற்றி. 1996இல் பர்கூரில் தோல்வி. 2001இல் நான்கு தொகுதிகளில் மனு, நான்கும் நிராகரிப்பு. 2002 பிப்ரவரியில் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தல், 2006இல் மீண்டும் ஆண்டிப்பட்டி, 2011இல் ஸ்ரீரங்கம். 2014 செப்டம்பரில் சொத்துக் குவிப்பு வழக்குத் தீர்ப்பால் பதவியிழப்பு. 2015 ஜூனில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2016இல் மறுபடியும் ஆர்.கே. நகர்.

ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கைகளை வரிசையாக எடுத்தால் 2002ம் 2015ம் காணாது. அவை பொதுத்தேர்தல் அறிக்கைகள், இடைத்தேர்தல் அதில் சேராது. அறிக்கையை மட்டும் நம்புகிறவருக்கு, 1996இல் தோற்றவர் 2006இல்தான் அவைக்குத் திரும்பினார் என்று தோன்றும். நடுவில் அவர் முதலமைச்சராக இருந்தார்! நிராகரிப்புக் கதையும் வேட்பாளர் பட்டியலில் வராது. காமராஜர் 1954இல் முதலமைச்சரான பிறகு அவைக்குள் வந்தது குடியாத்தம் இடைத்தேர்தல் வழியாக. 1952 அறிக்கையில் அதைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் ஓட்டு எண்ணிக்கைக்கு இந்த அறிக்கைகள்தான் கடைசி வார்த்தை. 1996 மொடக்குறிச்சியில் நின்ற 1,033 பேர் விவரத்துக்கும் அங்கேதான் போக வேண்டும்.

அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் உருவாக்கிய லோக் தாபா இந்த ஓட்டையை அடைக்கிறது. மாநிலம், ஆண்டு தேர்ந்தெடுத்து முழுத் தரவையும் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செல்லில் திறக்கலாம். இடைத்தேர்தல்களுக்குத் தனி வரிசை எண் உண்டு: பொதுத்தேர்தல் சுழியம், அதற்குப் பின் வந்தவை 1, 2 என்று. இதன் தனிச்சிறப்பு ஒவ்வொரு வேட்பாளருக்கும் தந்திருக்கும் அடையாள எண். பல தேர்தல்களில் நின்ற ஒரே நபரை அந்த எண்ணை வடிகட்டி ஒன்றாகப் பார்க்கலாம். இது இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக்கூட்டலே கொன்றுவிடும். ஜெயலலிதா தன் பெயரின் ஆங்கில எழுத்தில் கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்துக்கொண்டது பின்னாளில். புதிய எழுத்துக்கூட்டலைக் கொண்டு பழைய ஆண்டுகளில் தேடினால் விடுபட்டுப் போகும். நம் ஊரில் இன்ஷியல் மாறுவதும், பட்டம் பெயரோடு ஒட்டிக்கொள்வதும், ஒரே பெயரில் இரண்டு மூன்று சுயேச்சைகள் நிறுத்தப்படுவதும் சாதாரணம். அடையாள எண் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று வயதையும் தொகுதியையும் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

குறைகள் இரண்டு. ஒன்று, தரவு 1961க்குப் பின்புதான். கருணாநிதியின் 1957 குளித்தலை வெற்றியும், காமராஜரின் 1954, 1957 வெற்றிகளும் இதில் வராது. இரண்டு, ‘கட்சி மாறியவர்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. கட்சிப் பெயரை வைத்து வரும் கணக்கு அது. 1989இல் அ.தி.மு.க. சேவல், இரட்டைப் புறா என்ற இரண்டு சின்னங்களில் இரண்டு அணியாகப் பிரிந்து நின்று பிறகு ஒன்றானது. 1996இல் மூப்பனார் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழ் மாநில காங்கிரஸைத் (த.மா.கா.) தொடங்கினார், 2002இல் அது காங்கிரஸில் இணைந்தது. 1991 காங்கிரஸ், 1996 த.மா.கா., 2006 காங்கிரஸ் என்று நின்றவரைக் கட்சிப் பெயர் மட்டும் இரண்டு முறை தாவியவராக்கிவிடும். அவர் தன் தலைவரோடு அதே இடத்தில் இருந்தவராக இருக்கலாம். இந்தப் பத்தியை எண்ணிக்கையாக எடுத்துப் போடவே கூடாது.

தொகுதிப் பெயர்களும் கவனம். 2008 மறுசீரமைப்பு 2011 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. தேனி, சாத்தான்குளம், சேரன்மகாதேவி, பூங்கா நகர் தொகுதிகள் மறைந்தன. திருச்சி 1, 2 போய் மேற்கு, கிழக்கு வந்தன. பெயர் தப்பிப் பிழைத்த தொகுதியிலும் எல்லை மாறியிருக்கும். 2006 ஓட்டு சதவீதத்தை 2011உடன் நேராக ஒப்பிடுவது பயனற்றது. மேலவை உறுப்பினர்களின் கணக்கும் இந்தத் தரவுகளில் இல்லை. அந்த அவை 1986 நவம்பர் 1இல் கலைந்தது. எம்.ஜி.ஆர். 1967இல் பரங்கிமலையில் ஜெயிக்கும் முன்பே மேலவையில் இருந்தார் என்பதை இங்கிருந்து அறிய முடியாது.

அவையில் என்ன செய்தார்?

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. பதில் கிடைப்பதும் இதற்குத்தான் மிகக் கடினம். நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் வருகை, கேள்வி, விவாதம் எல்லாம் பெயருக்கு நேரே எண்ணாக இருக்கும். நம் பேரவை உறுப்பினருக்கு நாமேதான் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும்.

பேரவைச் செயலகத்தின் மின்னூலகத்தில் அவைப் பேச்சை அச்சிட்ட நடவடிக்கைத் தொகுதிகள் நாள் வாரியாக இருக்கின்றன. பழையவை அச்சுப் பக்கத்தைப் படமெடுத்தவை. உள்ளே சொல்லைத் தேடுவதை நம்ப முடியாது, தமிழ் எழுத்து என்றால் இன்னும் மோசம். ஐம்பதுகளின் தொகுதிகளில் ஆங்கிலமும் தெலுங்கும் தமிழோடு கலந்து வரும். பொறுமை வேண்டும். ஆனால் இந்தச் சேமிப்பு நமக்குக் கிடைத்திருப்பதே பெரிய விஷயம்.

வேலை சுருங்க ஒரு வழி உண்டு. முதலில் நடவடிக்கைத் தொகுதியைத் திறக்காதீர்கள். அந்தக் கூட்டத்தொடரின் பணிச் சுருக்கத்தை எடுங்கள். எந்தத் துறை மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) எந்த நாளில் வந்தது, கவன ஈர்ப்பைக் கொண்டுவந்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் தேடுபவர் நெசவாளர் தொகுதிக்காரர் என்றால் கைத்தறி மானியம் வந்த நாள், டெல்டாக்காரர் என்றால் நீர்வளம், வேளாண்மை வந்த நாட்கள். அந்தத் தேதிகளின் நடவடிக்கைத் தொகுதியை மட்டும் இறக்கி, முதல் பக்கங்களில் உள்ள பொருளடக்கத்தில் பெயரைப் பாருங்கள். பிறகு வினா–விடைப் பகுதி. கேள்வி கேட்டவர் பெயர் வினா எண்ணோடு இருக்கும். துணைக் கேள்விகளில்தான் ஓர் உறுப்பினரின் உண்மையான அக்கறை தெரியும், ஏனென்றால் முதன்மைக் கேள்வியை முன்பே எழுதித் தர வேண்டும், துணைக் கேள்வியை நின்ற இடத்தில் கேட்க வேண்டும்.

சபாநாயகர் நீக்கிய சொற்கள் அச்சில் வராது. சர்ச்சையான ஒரு நாளைத் தேடுகிறீர்கள் என்றால் மறுநாள் நாளிதழையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக வருவதால் அதற்குப் பிந்தைய கேள்விகளைக் காணொளியிலும் சரிபார்க்கலாம்.

விக்கிப்பீடியா தொகுதி வரிசையை ஒரு பார்வை பார்க்க உதவும், மேற்கோளுக்கு உதவாது. வருகைப் பதிவு, குழுக் கூட்டங்களில் பங்கேற்பு, தொகுதி மேம்பாட்டு நிதியில் அவர் பரிந்துரைத்த பணிகள் போன்றவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். நிதிப் பணிகளுக்கு மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், அவைப் பதிவுகளுக்குப் பேரவைச் செயலகத்துக்கு. ‘எல்லாப் பணிகளும்’ என்று கேட்டால் பதில் இழுக்கும். நிதியாண்டைக் குறிப்பிட்டு, பணியின் பெயர், இடம், நிர்வாக அனுமதித் தொகை, முடிந்த தேதி என்று நான்கு பத்தியாகக் கேளுங்கள்.